பச்சையும் தகரமும்

தோப்பூரை அடுத்த வயற்கிராமம் ஒன்றில், பத்துப் பன்னிரண்டு குடும்பங்கள் கூடும் ஒரு சிறிய ஜெபக்கூடம் உண்டு. ஞாயிறுதோறும் அதன் கடைசி வரிசையில் ஒரு மூதாட்டி அமர்கிறாள். பங்குனி வெயிலிலும் சேலைத் தலைப்பை இழுத்து இரு முன்கைகளையும் மூடிக்கொண்டே அமர்கிறாள். அவள் மூடி மறைப்பது களவுமன்று, நோயுமன்று. ஒன்பது வயதுச் சிறுமியாக மலைத்தோட்டத்து லயத்து வாசலில் நின்றபோது, ஒரு படி அரிசிக்குக் குறத்தி ஒருத்தி குத்திவிட்டுப் போன புள்ளிக்கோலமும் ஒரு தேளுந்தாம். 1977ஆம் ஆண்டின் இனக்கலவரம் அவளைத் தோட்டத்திலிருந்து துரத்திக் கொட்டியாரத்து வயல்களிற் கொணர்ந்து எறிந்தது. அன்று அவளோடு வந்தவற்றுள் இன்றுவரை எஞ்சியிருப்பது இந்தப் பச்சை ஒன்றே.

அதைத்தான் சாத்தானின் எழுத்து என்றார் பிரசங்கியார். லேவியராகமம் 19ஆம் அதிகாரம், 28ஆம் வசனம் என்று பக்கத்தையும் விரித்துக் காட்டினார். ஞானஸ்நானம் பின்போடப்பட்டது. “தோலை உரிச்சுப் போட்டா கர்த்தரு ஏத்துக்குவாரா, ஐயா?” என்று அவள் எம்மிடம் கேட்டாள். ஏளனமாகக் கேட்கவில்லை; விடை வேண்டியே கேட்டாள்.

பிரசங்கியார் சுட்டும் வசனம் உள்ளதுதான். செத்தவருக்காக உடலைக் கீறிக்கொள்வதையும், உடலில் அடையாளம் எழுதிக்கொள்வதையும் அது விலக்குகிறது. இரண்டையும் ஒரே மூச்சில் விலக்குவதனால், அயற்சமூகங்களின் இழவுச் சடங்குகளை எண்ணியே இவ்விதி எழுந்தது என்று உரைகாரர் பலர் கொள்வர். அடையாளத்தைக் குறிக்க ஆளப்பட்ட எபிரேயச் சொல்லோ, எபிரேய வேதம் முழுவதிலும் இந்த ஓரிடத்தில் மட்டுமே வருகிறது. ஒப்பிட்டுப் பொருள் தேற வேறு இடமில்லாத ஒரு சொல்லைக்கொண்டு ஒரு கிழவிக்குத் தண்ணீரை மறுப்பதற்கு மிகுந்த துணிவு வேண்டும்.

அதே அதிகாரத்தில், ஒரு வசனம் மேலே, தாடியின் ஓரத்தைக் கெடுக்காதே என்றிருக்கிறது. நம் பிரசங்கியார் மழுங்கச் சிரைத்த முகத்தினர். 19ஆம் வசனம் இருவகை நூல் கலந்த ஆடையை விலக்குகிறது. அவர் சட்டை பருத்தியும் பொலியெஸ்தரும் கலந்தது. கேட்டால், அவையெல்லாம் பழைய நியாயப்பிரமாணம், கிறிஸ்து நம்மை அதிலிருந்து விடுவித்தார் என்பார். மிகச் சரி. புறச்சாதியார்மேல் அந்த நுகத்தைச் சுமத்தலாகாது என்று எருசலேமிற் கூடிய அப்போஸ்தலர் முடிவு செய்த வரலாறு நடபடிகள் 15ஆம் அதிகாரத்தில் உண்டு. அந்த விடுதலை பிரசங்கியாரின் தாடிவரை வந்து, கிழவியின் கைவரை வராமல் நின்றது ஏன்?

வேதம் பச்சையைப் பற்றி ஒரே குரலிற் பேசவுமில்லை. தான் கர்த்தருடையவன் என்று ஒருவன் கையில் எழுதிக்கொள்ளும் செய்தி ஏசாயா 44இல் நற்குறியாகவே வருகிறது. பவுல் கலாத்தியருக்கு எழுதிய நிருபத்தின் முடிவில், இயேசுவின் அடையாளங்களைத் தன் உடலிற் சுமப்பதாகக் கூறுகிறான். அங்கே அவன் ஆளும் கிரேக்கச் சொல், அடிமைகளின் தோலில் இட்ட குறிக்கும் அக்காலத்தில் வழங்கிய சொல்லாகும். எகிப்தின் கொப்திக் கிறிஸ்தவர் இன்றும் மணிக்கட்டிற் சிலுவையைப் பச்சை குத்திக்கொள்கின்றனர். நம்மூர் ஜெபக்கூடத்துக்குக் கல் நாட்டுவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே அவர்கள் கிறிஸ்தவர்கள்.

ஆகவே, யார் யாருடைய உடலில் எதற்காகக் குறியிட்டார் என்று கேட்கவேண்டியிருக்கிறது. கி.பி. 316இல் கொன்ஸ்தந்தீன் பேரரசன், தண்டனை பெற்றோரின் முகத்திற் குறியிடுவதைத் தடைசெய்தான். முகம் தேவ அழகின் சாயல் என்பது அவன் கூறிய காரணம். கையிலும் கெண்டைக்காலிலும் இடலாம் என்று அதே ஆணையில் விட்டுவைத்தான். சுரங்கத்துக்கு அனுப்பப்பட்டவனின் கை எவருடைய சாயலோ! கும்பினி ஆட்சி வங்காளத்தில் 1797 முதல் ஆயுட்கைதிகளின் நெற்றியிலே பச்சை குத்துவித்தது. 1849இற்றான் அது ஒழிந்தது. குத்துவித்த துரைமாரின் மேசையிலும் வேதப்புத்தகம் இருந்தது.

மூதாட்டியின் முன்னோர் கதைக்கு வருவோம். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தமிழ்நாட்டில் ஆள்கட்டி இலங்கைத் தோட்டங்களுக்கு அனுப்பப்பட்ட தொழிலாளிக்குத் தோட்டத்தின் குறியும் எண்ணும் பொறித்த சிறு தகர வட்டம் ஒன்று கொடுக்கப்பட்டது. கயிற்றிற் கோத்து அதை உடலிலே கட்டிக்கொள்ள வேண்டும். தகரம் இருந்தால் இரயிலும் கப்பலும் காசின்றிக் கிடைக்கும். அக்காசு முழுவதும் தோட்டத்தின் கணக்கில் ஏறி, அவன் மலையேறுமுன்னரே அவன் தலையிற் கடனாக இறங்கும். கடன் தீராமல் வேறு தோட்டத்துக்குப் போகலாகாது. கடனை எவரேனும் கட்டினால் ஆளை விடுவதாகத் துரை எழுதிக்கொடுக்கும் சீட்டுக்குத் துண்டு என்று பெயர். அந்தத் துண்டு முறையை ஒழிக்க 1921 வரை செல்ல வேண்டியிருந்தது.

குறி தரித்தவனன்றி வேறெவனும் கொள்ளவும் விற்கவும் கூடாதபடி செய்யும் மிருகத்தைப் பற்றி வெளிப்படுத்தின விசேஷம் 13ஆம் அதிகாரம் பேசுகிறது. அந்த மிருகத்தின் முத்திரையைத் தேடிக் கடைச்சாமான்களின் கோட்டுக்குறியையும் தடுப்பூசியையும் ஆராயும் பிரசங்கிமார், தம் சபையாரின் பாட்டன் கழுத்திலே தொங்கிய தகரத்தை ஒருநாளேனும் ஆராய்ந்ததுண்டா? 1854இல் தோட்டத் தொழிலாளரிடையே வேதம் பரப்ப மிஷன் ஒன்று தொடங்கியபோது, அதற்குப் பணம் ஈந்தவர்களுள் தோட்டத்துரைமாரும் இருந்தனர். அதன் பெயர் தமிழ்க் கூலி மிஷன். இரட்சிக்கப் போன மனிதரைக் கூலி என்று தன் பெயர்ப்பலகையிலேயே எழுதிக்கொண்ட சபை அது.

தகரமும் போயிற்று, 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. நாடற்றவர் என்ற குறியை அது ஊசியின்றியே குத்தியது. 1964இல் இரு நாட்டுப் பிரதமர்கள் உட்கார்ந்து, இத்தனை இலட்சம் உமக்கு, இத்தனை இலட்சம் எமக்கு என்று மனிதரைப் பங்கிட்டனர். அக்குறியைத் துடைக்க 2003ஆம் ஆண்டிலும் ஒரு சட்டம் வேண்டியிருந்தது. உன்னிடத்தில் தங்கும் அந்நியனைச் சுதேசியைப்போல் எண்ணு என்னும் கட்டளை எங்கே இருக்கிறதென்று வாசகர் தேடவேண்டாம். அதே லேவியராகமம், அதே 19ஆம் அதிகாரம், 34ஆம் வசனம்.

அவ்வதிகாரத்தின் 9ஆம் வசனம் வயலின் ஓரத்தை முற்ற அறுக்காதே, சிந்திய கதிரைப் பொறுக்காதே என்கிறது. அவை ஏழைக்கு உரியன. அறுவடை இயந்திரம் இறங்கிய பின்னர், சிந்துகதிர் பொறுக்கி உலை வைத்த பெண்களின் பாடு யாது என்று எந்த ஜெபக்கூடத்திலும் ஒருவர் கேட்டதாக யாம் அறியோம். 13ஆம் வசனம் இன்னும் கடுமையானது. கூலியாளின் கூலி விடியும்வரைகூட உன்னிடம் தங்கலாகாது என்கிறது.

இம்மூதாட்டி சென்ற பெரும்போகத்தில் களை பிடுங்கிய நாட்கள் 11. நெல்லை விற்றுத் தருவேன் என்றவர் நெல்லை விற்று மாதங்களாகிவிட்டன. அவர் அதே ஜெபக்கூடத்தில் முதல் வரிசையில், மின்விசிறியின் கீழ் அமர்பவர். கைகளிற் பச்சை எதுவும் இல்லை. அவருடைய ஞானஸ்நானத்துக்கு எந்த வசனமும் குறுக்கே நிற்கவில்லை.

பிரசங்கியார் வரும் ஞாயிறன்றும் இதே அதிகாரத்தையே எடுக்கட்டும். 28ஆம் வசனத்தில் தொடங்க வேண்டாம், 13இல் தொடங்கட்டும். அவள் கடைசி வரிசையில்தான் இருப்பாள். எந்த நாள், எந்த வரம்பு என்று 11 நாட் கணக்கும் அவள் நினைவில் இருக்கிறது.