இறுக்கினால் எலும்பு கூடுமா?

"கட்டு இறுகியிருந்தால்தான் எலும்பு கூடும். வலிக்கத்தான் செய்யும், பொறுத்துக்கோ." கை முறிந்த குழந்தை இரவெல்லாம் அழும்போது பெரியவர்கள் அன்போடுதான் இதைச் சொல்கிறார்கள். அந்தப் பேச்சை நம்பிப் பொழுது விடியக் காத்திருந்தால், குழந்தையின் கையே வீணாகிவிடக்கூடும்.

எலும்பை இறுக்கி ஒட்டவைக்க முடியாது. முறிந்த இடத்தில் கசிந்த ரத்தம் முதலில் உறைகிறது. அதற்குள் புதிய ரத்தக்குழாய்கள் முளைக்கின்றன. சில வாரங்களில் நாரும் குருத்தெலும்பும் சேர்ந்து இரு முனைகளையும் மெத்தென்று இணைக்கின்றன; பிறகு சுண்ணாம்புச் சத்து ஏறிக் கெட்டிப்படுகிறது. பெரியவர்களின் காலெலும்புக்கு மூன்று, நான்கு மாதம்கூடப் பிடிக்கும். அதன்பின்னும் எலும்பு தன் புடைப்பைக் கரைத்து, பாரம் விழும் போக்கில் தன்னைத் திருத்திக்கொள்ள ஆண்டுக்கணக்காகலாம். இத்தனைக்கும் ஆதாரம் ரத்த ஓட்டம். முனைகள் விலகாமல் காப்பது மட்டுமே கட்டின் வேலை. உள்ளே நேரும் இம்மியளவு அசைவு எலும்பு கூட உதவவே செய்கிறது.

முறிந்த கை முதல் இரண்டு, மூன்று நாள் வீங்கும். கட்டு விரிந்துகொடுக்காது. உள்ளே அழுத்தம் ஏறித் தசைக்கு ரத்தம் போகாமல் நின்றால், ஆறு மணி நேரத்திலேயே மீட்க முடியாத சேதம் தொடங்கிவிடும். செத்த தசை நாராகச் சுருங்கி விரல்களை மடக்கிவிடும். இறுக்கமான கட்டுகளால் இது நேர்வதை ஜெர்மானிய அறுவை மருத்துவர் ஃபோல்க்மான் 1881-லேயே எழுதிவைத்தார். இன்னமும் நாம் குழந்தையைப் பொறுத்துக்கொள்ளச் சொல்வது எனக்குத் தாங்கவில்லை.

மூங்கில் பத்தை வைத்துக் கட்டுபவர்களை மட்டும் நான் சொல்லவில்லை. மருத்துவமனையில் போட்ட மாவுக்கட்டும் இப்படி இறுகும். "காலையில் வாருங்கள்" என்று போனில் சொல்லும் மருத்துவரும் குற்றவாளிதான்.

வலி மாத்திரைக்கு அடங்காமல் ஏறுகிறதா? விரலை மெல்ல நிமிர்த்தினால் குழந்தை அலறுகிறதா? விரல்கள் மரத்துப்போகின்றனவா? அந்த இரவே மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். நாடி துடிக்கிறதே என்று தேறியிருக்காதீர்கள். தசை செத்துக்கொண்டிருக்கும்போதும் நாடி துடிக்கும். கட்டை முழு நீளத்துக்கும், அடியிலுள்ள பஞ்சையும் சேர்த்துப் பிளந்தாக வேண்டும். அப்படியும் வலி தணியாவிட்டால் தசையுறையைக் கீறி அழுத்தத்தை இறக்க வேண்டியிருக்கும். கட்டைப் பிரித்தால் எலும்பு விலகிவிடுமே என்று தயங்குகிறார்கள். விலகினால் மறுபடி நேராக்கிக் கட்டலாம்.