சிதம்பரம் எங்கே?

பாளையங்கோட்டையைத் ‘தென்னாட்டு ஆக்சுபோர்டு’ என்று அழைத்து மகிழ்கின்றோம். கல்லூரிக்கும் குறைவில்லை, மாணவர்க்கும் குறைவில்லை. அம்மாணவருள் சிலரை அண்மையில் கண்டு, ‘வெக்கை’ யாருடைய கதை என்று வினவினேன். தயங்காமல், ‘சிவசாமியின் கதை’ என்றனர். அவர்கள் கூறியது ‘அசுரன்’ படத்தின் கதை. பூமணியின் நூலை அவருள் ஒருவரும் புரட்டியிலர்.

‘வெக்கை’ 1982-இல் வெளிவந்த புதினம். அதனை ஈன்ற கோவில்பட்டிக் கரிசற்காடு அன்று நெல்லை மாவட்டத்தைச் சேர்ந்தது, 1986-இல்தான் பிரிந்தது. நம் மண்ணின் நூல் என்பதில் ஐயமில்லை. அந்நூலின் நடுவில் நிற்பவன் சிதம்பரம், அகவை பதினைந்து. அண்ணனைக் கொன்ற நிலக்கிழானின் கையை மட்டும் வெட்டிவிட எண்ணிச் சென்றவன். அரிவாளோ எண்ணியதற்கும் மேலே சென்றுவிட்டது. அதன்பின் தந்தையும் மகனும் காட்டிலும் மலையிலும் எட்டு நாள் மறைந்து திரிகின்றனர். அந்நாள்களில் நிகழ்வது என்ன? அடுப்புக் கூட்டுகின்றனர், உண்கின்றனர், இடம் மாறுகின்றனர், பழையன பேசுகின்றனர். தந்தை மகனைக் காக்கின்றார். ஆயினும் பதின்மரைத் தனியொருவராய் வீழ்த்தும் ஆற்றலாளர் அல்லர். அச்சமும் அன்பும் உடைய ஓர் எளிய உழவர். குருதி படிந்த கையோடு ஒரு சிறுவன் எவ்வாறு சிறுவனாகவே இருக்கின்றான் என்பதன்றோ அந்நூலின் உயிர்!

2019-இல் வெற்றிமாறன் இதனைப் படமாக்கினார். தந்தையாகத் தனுசு நடித்தார். புகழ்வாய்ந்த நடிகர் தந்தையானால் மகன் கதைத்தலைவனாக இருத்தல் இயலுமோ? நடுவிடம் பெயர்ந்தது. மகன் தந்தையைக் கோழையென இகழ்கின்றான். தந்தையோ தம் சினத்தை உள்ளே பூட்டி வைத்திருந்து, வேளை வந்ததும் வெடிக்கின்றார். (1995-இல் ‘பாட்சா’ கண்டோர்க்கு இவ்வமைப்புப் புதிதன்று.) அவர்க்கென நெடியதோர் இளமைக்காலமும் புனையப்பட்டது. இறுதியில் மகன் செய்த கொலையைத் தந்தை தம் தோள்மேல் ஏற்று வழக்குமன்றம் புகுகின்றார். அவனுடைய செயலும் அவனுடையதாக இல்லாது போயிற்று.

படத்தால் விளைந்த நன்மையை மறைப்பது நேர்மையன்று. நூல் சாதியின் பெயரைச் சொல்லாது அடக்கி நின்றது. படமோ, காலிற் செருப்பணிந்த ஒரே குற்றத்திற்காக ஓர் ஏழைப்பெண் இழிவுபடுத்தப்படுவதையும், குடிசைகள் மக்களோடு தீக்கிரையாவதையும் கண்முன் நிறுத்திற்று. 1968-இல் கீழ்வெண்மணியில் 44 உயிர்கள் எரிந்ததை அறியாத இளைஞரும் அக்காட்சியில் நெஞ்சு நடுங்கினர். அது பெரும் பணி. ஆனால், ஒடுக்கப்பட்டோர் வீட்டுப் பதினைந்து அகவைச் சிறுவனுக்கும் சொந்த அறிவும் சொந்தச் சினமும் உண்டு என்று பூமணி காட்டினாரே, அதனைக் கைவிட்டுத்தான் இதனைப் பெறவேண்டுமா?

மாற்றுவதே பிழை என்று நான் கூறவரவில்லை. வண்ணாரப்பேட்டைப் புதுமைப்பித்தனின் ‘சிற்றன்னை’யைத் தழுவி 1979-இல் மகேந்திரன் ‘உதிரிப்பூக்கள்’ எடுத்தார். நூலில் சுந்தரவடிவேலு கொடியவர் அல்லர், கற்றறிந்தவர், மனைவியை இழந்து மறுமணம் புரிந்தவர். படத்தில் அப்பெயரைத் தாங்கியவன் ஊரையே நடுங்கவைக்கும் கொடியவன். இறுதியில் ஊர்மக்களே அவனை ஆற்றில் இறங்கி மாளச் செய்கின்றனர். நூலில் இறந்துவிட்ட தாய் படத்தில் பெரும்பகுதி உயிரோடிருந்து துன்புறுகின்றாள். பெயரும் இரு குழந்தைகளும் தவிர எஞ்சியது சிறிது. ஆயினும் தாயற்ற பிள்ளைகளின் தனிமை என்னும் கரு இரண்டிலும் ஒன்றே. அப்படம் முடிந்த பின்னும் நம் கண் அக்குழந்தைகளையே தேடுகின்றது. ‘அசுரன்’ முடிந்தபின் யாரைத் தேடுகின்றோம்?

இதற்கொரு சான்று தெலுங்கிலிருந்தே கிடைக்கின்றது. 2021-இல் ‘அசுரன்’ அங்கே ‘நாரப்பா’ ஆயிற்று, வெங்கடேசு நடித்தார். மண் மாறிற்று, மொழி மாறிற்று, கரிசல் போயிற்று. தந்தையின் இளமைக்காலமும் அவர் சினமும் மட்டும் சிதையாமல் எல்லை தாண்டின. பூமணி எழுதியது பின்தங்கிவிட்டது; படம் சேர்த்தது பயணம் போயிற்று. அதற்குக் கரணியம் வணிகம் என்பதை விளக்கவும் வேண்டுமோ?

நெல்லை, பாளைக் கல்லூரித் தமிழாசிரியர்களை ஒன்று கேட்கின்றேன். ‘அசுரன்’ பற்றி மாணவர் ஆய்வேடு எழுத வரும்போது, முதலில் ‘வெக்கை’யைக் கையில் கொடுங்கள். பெரிய நூலன்று; ஒரு விடுமுறை நாளிற் படித்துவிடலாம். படித்து வந்தவனிடம், சிதம்பரம் அம்மலையில் என்ன உண்டான், இரவில் எங்கே உறங்கினான் என்று கேளுங்கள். அதன்பின் படத்தைப் பற்றிப் பேசட்டும்.