நீங்கள் கேட்டவை: டி.என்.எஸ் மாற்றினால் நெட் வேகமாகுமா... வைரஸ் நிற்குமா?

''3 ஏக்கரில் மரவள்ளி, 2 கறவை மாடுகள் வைத்திருக்கிறோம். பால் பணம், கிசான் பணம் எல்லாமே என் கணக்குக்குத்தான் வருகிறது. அந்த போனும் என்னிடம்தான் இருக்கிறது. கல்லூரியில் படிக்கும் மகன், 'டி.என்.எஸ் எண்ணை மாற்றினால் நெட் வேகமாகும், வைரஸும் வராது' என்று ஒரு வீடியோவைப் பார்த்துவிட்டு 8.8.8.8 என்று போடப் பார்த்தான். போன் ஏற்கவில்லை. போன மாதம் பக்கத்துத் தோட்டத்துக்காரர், பி.எம்.கிசான் தவணை என்று வாட்ஸ்அப்பில் வந்த ஆப்பை ஏற்றி, கணக்கில் இருந்த பணத்தைப் பறிகொடுத்தார். அன்றிலிருந்து போனைத் தொடவே பயமாக இருக்கிறது. இந்த எண்ணை மாற்றலாமா, எதைப் போடுவது?''

- ஒரு வாசகி, அரூர், தருமபுரி மாவட்டம்.

மாற்றலாம். ஆனால், வேகத்துக்காக மாற்ற வேண்டாம், பாதுகாப்புக்காக மாற்றுங்கள். அதற்கு 8.8.8.8 உதவாது.

மாட்டு டாக்டரை அழைக்கும்போது அவருடைய 10 இலக்க எண்ணை யாரும் மனப்பாடமாக அடிப்பதில்லை. பெயரைத் தொட்டால், போன் அதற்குரிய எண்ணைத் தேடி அழைக்கிறது. இன்டர்நெட்டிலும் இதே கதைதான். ஒவ்வொரு இணையதளத்துக்கும் பின்னால் ஓர் எண் இருக்கிறது. பெயரைச் சொன்னால் எண்ணைச் சொல்லும் ஏற்பாட்டுக்குத்தான் டி.என்.எஸ் என்று பெயர். 1983-ம் ஆண்டு அமெரிக்காவைச் சேர்ந்த பால் மொகபெட்ரிஸ் என்பவர் இதை வடிவமைத்தார். அதற்கு முன்பு எல்லாக் கம்ப்யூட்டர்களின் பெயர்களையும் ஒரே பட்டியலில் எழுதிவைத்து, அதைப் பிரதி எடுத்துப் பயன்படுத்தி வந்தார்கள்.

நாம் எதுவும் செய்யாவிட்டால், சிம் கார்டு கொடுத்த நிறுவனமே இந்த எண்களைத் தேடிக் கொடுக்கும். வேண்டாம் என்றால் வேறொருவரிடம் கேட்கும்படி போனுக்குச் சொல்லலாம். கூகுள் நிறுவனம் 2009 டிசம்பரில் ஆரம்பித்த சேவையின் எண்தான் மகன் போடப் பார்த்த 8.8.8.8. கிளவுட்ஃபிளேர் நிறுவனத்தின் 1.1.1.1 சேவை 2018 ஏப்ரலில் வந்தது. இரண்டுமே இலவசம்.

இனி வேகம். வாய்க்கால் முறைக்காரரைச் சீக்கிரம் கூப்பிட்டுவிட்டால் மடை சீக்கிரம் திறக்கும். வாய்க்காலில் ஓடும் தண்ணீர் அதனால் கூடிவிடாது. டி.என்.எஸ் மாற்றுவதும் அப்படித்தான். ஒரு பெயருக்கு எண் தேட, ஒரு வினாடியில் நூற்றில் சில பங்கு நேரமே பெரும்பாலும் ஆகிறது. சிம் நிறுவனத்தின் டி.என்.எஸ் தடுமாறிக் கொண்டிருந்தால், பக்கம் திறக்க ஆரம்பிக்கும்போது ஏற்படும் தாமதம் குறையும். டவர் தூரத்தில் இருந்து, சிக்னல் ஒரு கோடாக நின்றால், எந்த எண்ணைப் போட்டாலும் வீடியோ சுற்றிக்கொண்டுதான் இருக்கும். இன்னொன்றையும் அந்த வீடியோக்காரர் சொல்லியிருக்க மாட்டார். சிம் நிறுவனத்தின் டி.என்.எஸ், வீடியோக்களை அருகில் உள்ள சேமிப்பு மையத்திலிருந்து எடுத்துத் தருவது உண்டு. வெளி சேவைக்கு மாறினால் சில நேரம் தூரத்து மையத்திலிருந்து வந்து, வேகம் குறையவும் கூடும். இரண்டு நாள் மாற்றிப் பார்த்து, மந்தமாக இருந்தால் பழையபடி வைத்துவிடுங்கள்.

பாதுகாப்பு விஷயத்தில்தான் உண்மையான வித்தியாசம் இருக்கிறது. சில டி.என்.எஸ் சேவைகள், மோசடித் தளங்கள், வைரஸ் பரப்பும் தளங்களின் பெயர்ப் பட்டியலைக் கையில் வைத்திருக்கின்றன. அந்தப் பெயரைக் கேட்டால், 'அப்படி ஒரு தளம் இல்லை' என்று சொல்லிவிடும். லிங்கைத் தெரியாமல் தொட்டாலும் பக்கம் திறக்காது. 8.8.8.8, 1.1.1.1 இரண்டும் இந்த வேலையைச் செய்வதில்லை. நல்லதோ கெட்டதோ, கேட்ட எண்ணைக் கொடுத்துவிடும்.

வடிகட்டும் சேவைகளில் நம்பிப் போடக்கூடியவை இரண்டு. ஒன்று, குவாட்9. எண் 9.9.9.9. 2017 நவம்பரில் ஆரம்பிக்கப்பட்டு, இப்போது சுவிட்சர்லாந்திலிருந்து இயங்கும் லாப நோக்கமற்ற அமைப்பு இது. மற்றொன்று, கிளவுட்ஃபிளேரின் 1.1.1.2. கடைசி இலக்கம் முக்கியம். 1 என்று முடிந்தால் வடிகட்டாது, 2 என்று முடிந்தால் வடிகட்டும், 3 என்று முடிந்தால் ஆபாசத் தளங்களையும் சேர்த்துத் தடுக்கும். லாபம் பார்க்காமல் இந்த ஒரு வேலைக்காகவே நடத்தப்படுவதால், வங்கிக் கணக்கு இணைந்த போனுக்கு குவாட்9 பொருத்தமானது.

மகன் போட்ட எண்ணை போன் ஏற்காததற்குக் காரணம் இருக்கிறது. ஆண்ட்ராய்டு 9-லிருந்து வந்த போன்களில், செட்டிங்ஸ் தேடல் பெட்டியில் 'பிரைவேட் டி.என்.எஸ்' என்று தேடினால் மூன்று தேர்வுகள் வரும். மூன்றாவதைத் தொட்டால் ஒரு கட்டம் திறக்கும். அந்தக் கட்டம் எண்ணை ஏற்காது, பெயரைத்தான் ஏற்கும். ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் டி, என், எஸ், புள்ளி, க்யூ, யு, ஏ, டி, அடுத்து 9 என்ற எண், புள்ளி, என், இ, டி என்று இடைவெளி விடாமல் அடித்துச் சேமிக்க வேண்டும். இதற்கென்று தனி ஆப் எதுவும் தேவையில்லை. 'டி.என்.எஸ் சேஞ்சர்' என்ற பெயரில் கிடைக்கும் ஆப்களில் பல, நம் போக்குவரத்தைத் தங்கள் வழியாகத் திருப்பிக்கொள்ள அனுமதி கேட்கும். யாருடையது என்று தெரியாத ஆப்புக்கு அந்த அனுமதியைக் கொடுப்பது, திருடனிடமே சாவியைக் கொடுப்பதுதான்.

ரயில் நிலையம், மருத்துவமனை போன்ற இடங்களின் இலவச வைஃபையில் இந்த அமைப்பு முரண்டு பிடிக்கலாம். 'பிரைவேட் டி.என்.எஸ் சர்வரை அணுக முடியவில்லை' என்று வந்து நெட்டே நின்றுபோகும். பதற வேண்டாம். அதே இடத்துக்குப் போய் 'ஆட்டோமேட்டிக்' என்று மாற்றினால் சரியாகிவிடும். வீட்டுக்கு வந்ததும் மறக்காமல் திரும்பப் போட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது பக்கத்துத் தோட்டத்துக்காரர் விஷயம். 9.9.9.9 அவர் போனில் இருந்திருந்தால் பணம் தப்பியிருக்குமா? தப்பியிருக்கும் என்று சொல்வதற்கில்லை. ஆப் கோப்பு வாட்ஸ்அப் செய்தியாகவே வந்து இறங்கினால், மோசடித் தளம் எதற்கும் போன் போகவில்லை. அதனால், டி.என்.எஸ்ஸுக்கு அங்கே தடுப்பதற்கு ஒன்றுமே இல்லை. ஆப் ஏறிய பிறகு எஸ்.எம்.எஸ் படிக்க அனுமதி கேட்கும். கொடுத்துவிட்டால், வங்கி அனுப்பும் ஓ.டி.பி-யைப் படித்து மோசடிக்காரருக்கு அனுப்பும். அது தெரிந்த மோசடித் தளம் வழியாகப் போனால் குவாட்9 மறிக்கலாம். எஸ்.எம்.எஸ் ஆகவோ, டெலிகிராம் வழியாகவோ அனுப்பினால் மறிக்காது. இன்று காலையில் உருவாக்கப்பட்ட புது மோசடித் தளமும் பட்டியலில் ஏறியிருக்காது. போனில் பேசி ஓ.டி.பி கேட்பவரை எந்த டி.என்.எஸ்ஸும் தடுக்காது.

எனவே, டி.என்.எஸ் மாற்றும் அன்றே இன்னொரு வேலையையும் முடித்துவிடுங்கள். செட்டிங்ஸ் தேடலில் 'அன்னோன் ஆப்ஸ்' என்று தேடினால், வெளியிலிருந்து ஆப் ஏற்ற எவற்றுக்கெல்லாம் அனுமதி இருக்கிறது என்ற பட்டியல் வரும். அதில் வாட்ஸ்அப், குரோம், ஃபைல் மேனேஜர் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். அதன் பிறகு வாட்ஸ்அப்பில் வந்த ஆப்பைத் தொட்டால், அது நேராக ஏறாது. போன் தடுத்து அனுமதி கேட்கும். அந்த இடத்தில் 'வேண்டாம்' என்று திரும்பிவிடலாம். பக்கத்துத் தோட்டத்துக்காரரைப் பொறுத்தவரை, 9.9.9.9-ஐவிட இந்த ஒரு பொத்தான்தான் அதிகம் உதவியிருக்கும். கிசான் தவணை ஆண்டுக்கு 6,000 ரூபாய், 2,000 வீதம் மூன்று முறை நேராகக் கணக்குக்கு வருகிறது. அதை வாங்க வாட்ஸ்அப்பில் வரும் எந்தக் கோப்பையும் ஏற்றத் தேவையில்லை.

பணம் போனது தெரிந்தால், முதலில் 1930 என்ற எண்ணுக்கு அழைக்க வேண்டும். அடுத்து, வங்கிக்குத் தகவல் சொல்லி, புகார் எண்ணை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். வாடிக்கையாளரின் கவனக்குறைவால் நடந்த மோசடி என்றாலும், வங்கிக்குத் தகவல் கொடுத்த பிறகு ஏற்படும் இழப்பு வங்கியைச் சேரும் என்கிறது, ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் வெளியிட்ட சுற்றறிக்கை. வெட்கப்பட்டு இரண்டு நாள் வெளியே சொல்லாமல் இருப்பவர்களுக்குத்தான் இழப்பு அதிகமாகிறது.

''கோழிப்பண்ணைக் கேமரா, டிவி, மூன்று போன்கள் எல்லாம் வீட்டு ஃபைபர் இணைப்பில்தான் ஓடுகின்றன. ஒவ்வொன்றிலும் மாற்றாமல், ஒரே இடத்தில் டி.என்.எஸ் மாற்ற முடியுமா?''

- ஒரு வாசகர், நாமக்கல்.

முடியும். ரவுட்டரில் மாற்றினால், அந்த வைஃபையில் இருக்கும்வரை பெரும்பாலான கருவிகளுக்குப் பொருந்தும். ரவுட்டர் பக்கத்தில் எண்ணைத்தான் போட வேண்டும். முதல் கட்டத்தில் 9.9.9.9, இரண்டாவது கட்டத்தில் 149.112.112.112. இரண்டுமே குவாட்9-க்கு உரியவை. 'ஒன்று போனால் இன்னொன்று இருக்கட்டும்' என்று இரண்டாவதில் 8.8.8.8 போடுபவர்கள் நிறைய பேர். இரண்டாவது எண் காத்திருப்பில் மட்டும் இருக்கும் என்பதில்லை. கருவிகள் அதையும் அவ்வப்போது கேட்கும். ஒரு பக்கம் வேலி போட்டு, மறுபக்கம் கடவைத் திறந்து வைத்த மாதிரி ஆகிவிடும்.

மாற்றிய பிறகு, பிரவுசரில் ஆங்கிலத்தில் ஆன், புள்ளி, குவாட்9, புள்ளி, நெட் என்று அடித்துப் பாருங்கள். 'ஆம்' என்று ஆங்கிலத்தில் வந்தால் சரியாக அமைந்திருக்கிறது. சில நிறுவனங்கள் கொடுக்கும் ரவுட்டர்களில் இந்தக் கட்டம் பூட்டியிருக்கும். திறந்து தர முடியுமா என்று லைன்மேனிடம் கேட்டுப் பாருங்கள். வரும்போது, கேமராவுக்கும் ரவுட்டருக்கும் வாங்கும்போது இருந்த பாஸ்வேர்டே இன்னும் இருக்கிறதா என்று பார்த்து, அதையும் மாற்றித் தரச் சொல்லுங்கள்.