பெரிய லொறி வருமுன் பாதை பார்க்கப்பட வேண்டும்



நம்மூர் உறவுகளே, கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாக வாசியுங்கள்.

சென்ற தவணைப் பரீட்சை நடந்த வாரம், ஒரு நாள் காலை ஆறேமுக்கால் மணி. யட்டியாந்தோட்டைப் பக்கம் உள்ள வளைவொன்றில், பெரிய இயந்திரம் ஏற்றி வந்த லோபெட் லொறியின் பின்சக்கரங்கள் கானுக்குள் இறங்கிவிட்டன. தலை வளைவைத் தாண்டிவிட்டது, வால் தாண்டவில்லை. இரண்டு பக்கமும் வாகனங்கள் நின்றுவிட்டன. தோட்டப் பிள்ளைகள் வரும் பஸ் அந்தப் பக்கம், பரீட்சை மண்டபம் இந்தப் பக்கம். பிள்ளைகள் சப்பாத்தைக் கையில் எடுத்துக்கொண்டு மழையில் நடந்து வந்தார்கள். வினாத்தாளை நாங்கள் முக்கால் மணி நேரம் பிந்திக் கொடுத்தோம்.

அது பெரிய விஷயமில்லை. பிரசவ வலியோடு ஒரு தாய் திரீவீலில் வந்தார். ஆதார வைத்தியசாலை கிட்டத்தில்தான் இருக்கிறது, ஆனால் லொறியைத் தாண்ட வழியில்லை. இறங்கி, இரண்டு பெண்கள் தாங்கிப் பிடிக்க, லொறிக்கும் மதிலுக்கும் இடையில் இருந்த சந்தால் நடந்து, மறுபக்கத்தில் வேறு திரீவீல் ஏறினார். தாயும் பிள்ளையும் நலம், அல்ஹம்துலில்லாஹ். மாரடைப்பு வந்த ஒருவராக இருந்திருந்தால் இன்று வேறு பதிவுதான் எழுதியிருப்போம்.

எல்லாரும் சாரதியைத் திட்டினார்கள். நாங்கள் அவரிடம் பேசிப் பார்த்தோம். ஹட்டன் வீதியால் போ என்று மட்டும்தான் அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். முன்கூட்டி வந்து வளைவை யாரும் பார்க்கவில்லை. ஃபோனில் இருந்த மேப்தான் அவருக்கு வழிகாட்டி. அந்த மேப்புக்குத் திரீவீலும் ஒன்றுதான், பதினாறு சக்கர லொறியும் ஒன்றுதான்.

பாரமான சாமான் நம்மூரால் போகக்கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. சொல்லவும் முடியாது. அவிசாவளையில் இருந்து ஹட்டன், நுவரெலியா போகும் ஏ7 வீதி நம் சந்தியால்தான் போகிறது. கேகாலையில் இருந்து புளத்கொஹுபிட்டிய வழியாக வரும் ஏ21 இங்கேதான் வந்து சேருகிறது. மேலே லக்ஷபான, பொல்பிட்டிய, கித்துல்கல பக்கம் 35 மெகாவாட் புரோட்லண்ட்ஸ் என்று நாட்டுக்கு வெளிச்சம் தரும் மின்நிலையங்கள் இருக்கின்றன. டர்பைனையும் டிரான்ஸ்போமரையும் துண்டு துண்டாகத் தலையில் சுமந்து போக முடியாது. ஒரு காலத்தில் அவிசாவளையில் இருந்து யட்டியாந்தோட்டை வரை சின்ன ரயில் ஓடியது. 1942இல் அந்தத் தண்டவாளம் நின்றுபோனது. இப்போது எல்லாப் பாரமும் இந்த ஒரே வீதிக்குத்தான்.

மாற்று வழியும் லேசானதல்ல. கண்டி வீதியால் போனால் கடுகண்ணாவை ஏற்றம். அங்கே வெள்ளைக்காரன் காலத்தில் பாறையைக் குடைந்து போட்ட பாதை இன்றும் இருக்கிறது, ஆனால் இன்றைய வீதி அதைச் சுற்றித்தான் போகிறது. 2025 நவம்பரில் பஹல கடுகண்ணாவையில் மண் சரிந்து அந்த வீதி மூடப்பட்டதை மறந்திருக்க மாட்டீர்கள். அந்தப் பக்கம் அடைபட்டால் பாரம் இந்தப் பக்கம் திரும்பும். 2016 மேயில் அரநாயக்கவிலும் புளத்கொஹுபிட்டியவிலும் மலை இறங்கியதைப் பார்த்த மாவட்டம் நம்முடையது. நம் வீதியோரத்து மண் எவ்வளவு தாங்கும் என்று கேட்பது பயந்தாங்கொள்ளித்தனம் அல்ல.

பாதை பார்ப்பது என்றால் என்ன? வகுப்பில் கரும்பலகையில் வரைந்து காட்டுவது போலச் சொல்கிறோம். வளைவில் நீள லொறியின் பின்சக்கரம் முன்சக்கரம் போன தடத்தில் போகாது, உள்பக்கமாக வெட்டிக்கொண்டு போகும். லொறி எவ்வளவு நீளமோ அவ்வளவுக்கு இடம் வேண்டும். அடுத்தது பாரம். எத்தனை தொன் என்று மட்டும் கேட்டால் போதாது, அது எத்தனை அச்சில் பிரிகிறது என்றும் கேட்க வேண்டும். ஒரே பாரம் நாலு அச்சில் போனால் மதகு உடையலாம், பத்து அச்சில் போனால் தாங்கலாம். பாலத்தில் வேறு வாகனம் இல்லாமல், நடுவால், மெதுவாகப் போக வேண்டும். பிறகு உயரம்: மின்கம்பி, டெலிபோன் கம்பி, மரக்கிளை. இதையெல்லாம் லொறி புறப்படுமுன் ஒருவர் நேரில் வந்து அளக்க வேண்டும்.

அளக்காவிட்டால் பணக்கார நாட்டிலும் இதே கதைதான். 2013 மே 23ஆம் திகதி அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், அனுமதிப் பத்திரத்தோடு போன ஓர் உயரமான லொறி ஸ்காகிட் ஆற்றுப் பாலத்தின் மேல்சட்டத்தில் இடித்தது. பாலத்தின் ஒரு பகுதி ஆற்றில் விழுந்தது. லொறி தப்பிவிட்டது, பின்னால் வந்த இரண்டு வாகனங்கள் தண்ணீரில். மூன்று பேரை உயிரோடு மீட்டார்கள். அந்தப் பாலத்தின் மேல்சட்டம் வளைவானது, ஓரத்தில் தாழ்வு, நடுவில் உயரம். உள் தடத்தால் போயிருந்தால் லொறி இடிக்காமல் போயிருக்கும். கையில் அனுமதி இருந்தது, பாதை சரியாகப் பார்க்கப்படவில்லை.

பார்த்துச் செய்தால் எப்படி இருக்கும் என்பதற்கு இந்தியாவில் ஓர் உதாரணம். நாசிக்கில் இருந்து திருவனந்தபுரம் விண்வெளி நிலையத்துக்கு ஏறத்தாழ 70 தொன் இயந்திரத்தை 74 சக்கர லொறியில் கொண்டு போனார்கள். 2019 ஜூலையில் புறப்பட்டது 2020 ஜூலையில்தான் போய்ச் சேர்ந்தது. கொரோனாவும் இடையில் வந்தது. ஒரு குழு கூடவே போய், கம்பியைக் கழற்றி, கிளையை வெட்டி, ஒரு நாளைக்குச் சில கிலோமீற்றர்தான் நகர்த்தியது.

வருடத்தில் சில தடவை வரும் லொறிக்கு இவ்வளவு பேச்சா, தினமும் ஓடும் டிப்பரைப் பாருங்கள் என்று ஒரு நண்பர் சொன்னார். டிப்பரையும் பேச வேண்டியதுதான். ஆனால் டிப்பர் பழுதானால் ஓரமாகத் தள்ளலாம். இதைத் தள்ள முடியாது, கிரேன் வரும்வரை ஊர் இரண்டாகப் பிரிந்தே இருக்கும்.

நாங்கள் கேட்பவை இவைதான்:

1. இப்படியான பாரம் வருவதாக இருந்தால் பிரதேச செயலகம், பொலிஸ், வைத்தியசாலை, பாடசாலைகள் நாலுக்கும் மூன்று நாள் முன்பே அறிவித்தல் வர வேண்டும்.

2. காலை 6 முதல் 8 வரையும், பகல் 1 முதல் 3 வரையும் லொறி நகரக்கூடாது. பரீட்சை நாளில் இரவில் மட்டும்.

3. மண்சரிவு எச்சரிக்கை உள்ள நாளில் அவிசாவளைக்கு இப்பால் வரக்கூடாது.

4. ஒதுங்கி நிற்கும் இடங்கள் முன்கூட்டியே குறிக்கப்பட வேண்டும். லொறியோடு இழுவை வாகனமும் வர வேண்டும்.

5. உடைந்த மதகையும் கானையும் யார் கட்டுவது என்பது அனுமதிப் பத்திரத்திலேயே இருக்க வேண்டும். பிரதேச சபையின் தலையில் போட்டுவிட்டுப் போகக்கூடாது.

இனி நம் பக்கத்துக் குறையையும் சொல்லாமல் விட முடியாது. ஜும்ஆ நேரத்தில் வளைவில் வாகனம் நிறுத்துவது யார்? நாம்தான். கடை முன்னால் தகரத்தை வீதிக்கு நீட்டியதும் நாம்தான். மீலாத், வெசாக், திருவிழா எல்லாவற்றுக்கும் கட்டிய அலங்காரக் கம்பி மாதக்கணக்காகத் தாழத் தொங்குகிறது. பாதையில் கிடக்கும் இடையூறை அகற்றுவதை ஈமானோடு சேர்த்துச் சொன்ன மார்க்கம் நம்முடையது. அதிகாரிகளிடம் போகுமுன் நம் வாசலைச் சரிசெய்வோம்.

வரும் போயா விடுமுறையன்று காலை சந்தியில் கூடுவோம். பள்ளிவாசல், கோயில், விகாரை மூன்று பக்கத்தில் இருந்தும் ஆட்கள் வந்தால் நல்லது. அளவு நாடா எங்களிடம் இருக்கிறது. சிக்கலான வளைவுகளையும் தாழ்ந்த கம்பிகளையும் குறித்து, கடிதத்தோடு சேர்த்து மூன்று மொழியிலும் கொடுப்போம். தோட்டத்து உறவுகள் கட்டாயம் வாருங்கள், அந்த வீதியில் அதிகம் நடப்பது உங்கள் பிள்ளைகள்தான்.

வர முடியாதவர்கள், உங்களுக்குத் தெரிந்த ஆபத்தான இடத்தைக் கீழே எழுதுங்கள். இன்ஷா அல்லாஹ், அடுத்த லொறி வருமுன் இந்த வேலையை முடிப்போம்.