சராசரியில் மறையும் ஊர்கள்

ஒரு மாவட்டத்தின் மக்கள்தொகை, தொழில், எழுத்தறிவு ஆகியவற்றைச் சில பக்க அட்டவணைகளில் அடக்கிவிட்டு, இதுவே இந்த நிலம் என்று முன்வைப்பது நிர்வாகத்தின் வழக்கம். அந்த அட்டவணைகளைப் புரட்டிப் பாராமலே ஒதுக்கிவிடுவது இலக்கிய வாசகர் பலரின் வழக்கம். இரண்டையும் நாம் ஏற்பதற்கில்லை. எண்களும் ஒருவகைப் பிரதியே; அவற்றையும் வாசிக்கத்தான் வேண்டும்.

விருதுநகர் மாவட்டத்தை எடுத்துக்கொள்வோம். 2011 கணக்கெடுப்பின்படி இதன் மக்கள்தொகை 19,42,288. முந்தைய பத்தாண்டில் தமிழகம் 15.6 விழுக்காடு வளர்ந்தபோது, இம்மாவட்டம் 10.9 விழுக்காடே வளர்ந்தது. ஆயிரம் ஆண்களுக்குப் பெண்கள் 1007 பேர், மாநிலத்திலோ 996. மக்களில் ஏறத்தாழச் சரிபாதியினர் நகர்ப்புறத்தினர். பிறப்பு குறைந்திருக்கிறது, பிழைப்புத் தேடி ஆண்கள் வெளியேறியிருக்கிறார்கள் என்று ஊகிக்க இவ்வெண்கள் இடம் தருகின்றன. ஆனால் எந்த ஊரில் எது நிகழ்ந்தது என்பதை மாவட்டச் சராசரி சொல்வதில்லை.

ஏனெனில் இது ஒரே நிலம் அன்று. இராஜபாளையத்துக்கு மேற்கே மலையடிவாரத்தில் இருக்கிறது அய்யனார் கோவில். அங்கு உறையும் தெய்வத்தின் பெயரே நீர்காத்த அய்யனார். அப்பக்கத்து மலைநீர் ஆறாவது மைல் நீர்த்தேக்கத்தில் தேங்கி நகருக்குக் குடிநீராகிறது. அடிவாரத்தில் மாவும் தென்னையும் செழிக்கின்றன. 1,30,442 பேர் (2011) வாழும் இராஜபாளையத்தில், 1936-இல் பி.ஏ.சி. இராமசாமி ராஜா தொடங்கிய ஆலையை அடுத்து நூற்பாலைகள் பெருகின. அருகிலுள்ள சத்திரப்பட்டியில் மருத்துவமனைகளுக்கான கட்டுத்துணி நெய்யப்படுகிறது. ஸ்ரீவில்லிபுத்தூரின் பால்கோவா 2019-இல் புவிசார் குறியீடு பெற்றது.

கிழக்கே நகர்ந்தால் காட்சி மாறுகிறது. மழையை நம்பிய கரிசல் காடு, தீப்பெட்டி, பட்டாசு. சிவகாசியின் தொழிலுக்கு வறண்ட வானிலையே மூலதனம். மேற்கில் ஆற்றை நிறைக்கும் அதே மழை, கிழக்கில் வெடிமருந்து உலராமல் கூலி தப்பும் நாளாகிறது. இவ்விரண்டையும் கூட்டி வகுத்தால் கிடைப்பது, எங்கும் இல்லாத ஓர் ஊரின் வருணனை.

நம் இலக்கணம் இதை வேறுவிதமாகச் செய்தது. தொல்காப்பியம் நிலத்தைச் சொல்லும்போது அதன் தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் என்று கருப்பொருளை வரிசைப்படுத்துகிறது. அது செய்யுளுக்கான இலக்கணம். மக்கள் கணக்கெடுப்பு அன்று. எனினும் தொழிலை நிலத்திலிருந்து பிரித்து எண்ணக்கூடாது என்ற அறிவு அதில் இருக்கிறது. நிர்வாகத்துக்குச் சராசரி தேவைதானே என்று கேட்கலாம். தேவைதான். அதையே முடிவாகக் கொள்வதைத்தான் மறுக்கிறோம்.

இது வெறும் புலமை விவாதமன்று. 2018-இல் மத்திய அரசு, வளர்ச்சியில் முன்னேற வேண்டிய மாவட்டங்களின் பட்டியலை வெளியிட்டபோது, தமிழகத்திலிருந்து இராமநாதபுரமும் விருதுநகரும் இடம்பெற்றன. ஆலைகளும் அச்சகங்களும் நிறைந்த மாவட்டம் எப்படிப் பின்தங்கியது என்று பலர் வியந்தனர். செல்வம் இருக்குமிடமும் குறை இருக்குமிடமும் ஒரே மாவட்டத்துக்குள் வேறுவேறு ஊர்களாக இருக்கும்போது இவ்வியப்பு தவிர்க்க முடியாதது. 2021-இல் இம்மலைகள் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகமாயின. செண்பகத்தோப்பிலும் அய்யனார் கோவில் பகுதியிலும் வாழும் பளியர்களின் வாழ்வு அதனால் எவ்வாறு மாறியது? ஏறத்தாழ இருபது லட்சம் பேரின் சராசரியில் அவர்கள் ஒரு துளி. அங்கே விடை கிடைக்காது.

இன்னொரு மறைவு வீட்டுக்குள் நிகழ்கிறது. ஆண்டில் ஆறு மாதமோ அதற்கு மேலோ உழைப்பவரை முதன்மைத் தொழிலாளர் என்றும், அதற்குக் குறைவாக உழைப்பவரைக் குறுந்தொழிலாளர் என்றும் கணக்கெடுப்பு வகுக்கிறது. இரண்டு மாடு கறந்து பால் ஊற்றும் பெண்ணிடம் ‘என்ன வேலை?’ என்று கேட்டால், ‘சும்மா வீட்டில்தான் இருக்கிறேன்’ என்பாள். தீப்பெட்டி ஒட்டுபவளும் அதையே சொல்வாள். அந்தச் ‘சும்மா’ என்ற சொல் அட்டவணையில் ஏறும்போது அவள் உழைக்காதவள் ஆகிவிடுகிறாள்.

அமெரிக்காவில் பத்தாண்டுக் கணக்கெடுப்புகளுக்கு இடையிலும் மாதிரி ஆய்வு நடத்தி, சிறிய ஊரகக் கவுண்டிகளுக்குக்கூட மதிப்பீடுகள் வெளியிடுகிறார்கள். இங்கோ 2021-இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு நடைபெறவில்லை. 2027 மார்ச் முதல் நாளைக் குறிப்புநாளாகக் கொண்டு நடத்தப்படும் என 2025-இல் அறிவிக்கப்பட்டது. இம்முறை கணக்கெடுப்பவர் ‘என்ன வேலை?’ என்பதோடு நின்றுவிடாமல், ‘யாருக்குப் பால் ஊற்றுகிறீர்கள், எத்தனை மாதம்?’ என்றும் கேட்கப் பயிற்றப்பட வேண்டும். கிராம அளவிலான அட்டவணைகள் தமிழில், அந்தந்த ஊராட்சியிலேயே கிடைக்க வேண்டும். இப்பகுதிக் கல்லூரிகளில் பொருளியல் மாணவரும் தமிழ் மாணவரும் சேர்ந்து ஆளுக்கொரு ஊரை எடுத்து அவ்வட்டவணையைச் சரிபார்த்தால், அது எத்தனையோ ஆய்வேடுகளைவிடப் பயன் தரும். நிலத்தைப் பாடிய மொழிக்கு, நிலத்தின் கணக்கைக் கேட்கும் உரிமையும் உண்டு.