கடன்பட்ட குடும்பமும் மளிகைக் கணக்கும்

கடனில் மாட்டிக்கொண்ட ஒரு குடும்பஸ்தர் இனிமேல் சிக்கனமாய்க் காலந்தள்ளுவதென்று தீர்மானித்து விட்டாரானால், அந்தச் சிக்கனம் முதன் முதலில் எங்கே போய் இறங்குகின்றது என்று பார்த்தால், அது டீக்கடையிலும் இறங்குவதில்லை, வெற்றிலை பாக்குக் கடையிலும் இறங்குவதில்லை. நேரே அடுப்பங்கரைக்குப் போய், எல்லோருக்கும் பரிமாறி விட்டுக் கடைசியில் சட்டியை வழித்துச் சாப்பிடுகிற பெண்ணின் தட்டில் இறங்குகின்றது. புருஷனுக்குக் குழம்பு குறைந்தால் சண்டை வரும். பிள்ளைக்குக் குறைந்தால் அழுகை வரும். அவளுக்குக் குறைந்தால் சப்தமே வராது. சப்தம் வராத இடமாய்ப் பார்த்து மிச்சம் பிடிப்பதற்குத்தான் நம்மவர்கள் சிக்கனம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

இதைச் சிக்கனமென்று ஒப்புக்கொள்ள நாம் தயாராயில்லை. 2019 முதல் 2021 வரை எடுக்கப்பட்ட தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 வயது முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 53 பேர் இரத்தசோகை உள்ளவர்கள். இது கடனில்லாத வீட்டுப் பெண்களையும் சேர்த்து எடுத்த கணக்கு என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். அப்படியிருக்க, கடன்பட்ட வீட்டில் இன்னும் ஒரு பிடி குறைத்தால் என்ன ஆகும்? அவள் வேலைக்குப் போகிற நாள் குறையும், கூலி குறையும், பிறகு ஆஸ்பத்திரிக்கும் மருந்துக்கும் மறுபடி கைமாற்று வாங்க வேண்டியதாகும். வாயைக் கட்டி மீதம் பிடித்த காசு வைத்தியச் செலவாய் வெளியே போவதில் என்ன லாபமென்று நமக்கு விளங்கவில்லை.

நிற்க, கடன் என்பது தலையெழுத்தென்றும், சனி பிடித்திருக்கிறதென்றும், அதற்கு எள் விளக்கேற்றி வாரம் ஒரு நாள் பட்டினி கிடந்தால் விலகுமென்றும் சொல்லி, அந்தப் பட்டினியையும் பெண்ணின் தலையிலேயே கட்டுகிற சோதிடர்களைப் பற்றி இங்கு அதிகமாய் எழுத இடமில்லை. நூற்றுக்குப் பத்து வட்டி என்றால் மாதம் 10 ரூபாய், வருஷத்துக்கு 120 ரூபாய், அதாவது வாங்கின நூறு அப்படியே நிற்க, அதற்கு மேல் இன்னொரு நூறும் இருபதும் போய்விடுகின்றது. இந்தக் கணக்கு மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். இதற்குச் சனியைச் சாட்சிக்குக் கூப்பிடத் தேவையில்லை.

இப்போது மளிகைக் கடைக்கு வருவோம். வட்டிக்காரனிடத்தில் வாங்கினதுதான் கடன், மளிகைக் கடையில் நோட்டில் எழுதி வாங்குவது கடனல்ல என்பதாக ஒரு எண்ணம் நம் ஜனங்களிடத்தில் இருந்து வருகின்றது. "செட்டியார் வட்டி கேட்பதில்லையே" என்கிறார்கள். வட்டி கேட்காதது வாஸ்தவந்தான். ஆனால் அவர் மண்டியில் கடனுக்குச் சரக்கெடுத்தவர். பாக்கி வராமல் போகிற நாலு பேருடைய நஷ்டத்தையும் அவர் எங்கேயாவது ஈடுகட்டியாக வேண்டும். அதைப் பருப்பு விலையிலும் புளி விலையிலும் ஏற்றாமல் வேறு எதில் ஏற்றுவார்? இதில் அவரைத் திட்டுவதில் அர்த்தமில்லை. அந்த இடத்தில் நாம் உட்கார்ந்தாலும் அப்படித்தான் செய்வோம்.

அதைவிடப் பெரிய கெடுதி என்னவென்றால், நோட்டில் எழுதி வாங்குகிறவர்களுக்கு வாய் அடைத்துப் போகின்றது. விலை கேட்க முடியாது; எடையைப் பார்க்க முடியாது; பருப்பில் பூச்சியிருந்தால் திருப்பிக் கொடுக்க முடியாது; எதிர்க்கடையில் கிலோவுக்கு 15 ரூபாய் குறைவென்று தெரிந்தாலும் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்க முடியாது. பாக்கி வைத்திருக்கிறவன் எதிர்க்கடையில் பையோடு நின்றால் மறுநாள் தெருவிலே மானம் போய்விடும். போதாததற்குக் கடைக்கு அனுப்பின பிள்ளை தனக்கொரு பிஸ்கட் பொட்டலமும் சேர்த்து எழுதிக்கொண்டு வந்துவிடும். மாதக் கடைசியில் அது என்ன வகையென்று யாருக்கும் ஞாபகமிருக்காது.

இது நம் ஊருக்கு மட்டும் வந்த வியாதி என்று நினைக்க வேண்டாம். இங்கிலாந்தில் மான்செஸ்டருக்குப் பக்கத்திலுள்ள ராச்டேல் என்ற ஊரில் நெசவாளிகளும் மற்றத் தொழிலாளிகளும் இதே மாதிரி கடைக்கடனிலும் கலப்படச் சரக்கிலும் அகப்பட்டுத் தவித்தார்கள். அவர்களில் 28 பேர் ஆளுக்கு ஒரு பவுன் வீதம் சிறுகச் சிறுகச் சேர்த்து, 1844-ம் வருஷம் டிசம்பர் 21-ந் தேதி தங்களுக்கென்று ஒரு கடை திறந்தார்கள். வெண்ணெய், சர்க்கரை, மாவு, ஓட்ஸ், கொஞ்சம் மெழுகுவத்தி, இவ்வளவுதான் முதல் நாள் சரக்கு. ஆனால் கலப்படமில்லை, எடை குறைவதில்லை, யாருக்கும் கடன் கிடையாது, லாபத்தை அவரவர் வாங்கின சரக்கின் அளவுப்படி பங்கிட்டுக் கொள்வது என்ற நிபந்தனைகளோடு நடத்தினார்கள். ஏழைகள் ஏழைகளுக்காக நடத்தின கடையிலேயே கடன் கிடையாதென்று ஏன் வைத்தார்கள் என்பதைத்தான் நாம் யோசிக்க வேண்டும். கடனுக்கு விற்கிற கடை மலிவாய் விற்க முடியாது என்பதை அவர்கள் பட்டுத் தெரிந்து கொண்டவர்கள். 1904-ல் சென்னை திருவல்லிக்கேணியில் தொடங்கப்பட்ட கூட்டுறவுப் பண்டகசாலையும் இந்த வழியைப் பார்த்து நடந்ததேயாகும்.

ஆகவே, கடன்பட்ட குடும்பம் மளிகைச் செலவைக் குறைக்க முதலில் செய்ய வேண்டியது அரிசியைக் குறைப்பதல்ல, நோட்டை மூடுவதே. ஒரே நாளில் மூட முடியாதென்பது நமக்கும் தெரியும். பழைய பாக்கியைத் தனிப் பக்கத்தில் எழுதச் சொல்லி, வாரம் இவ்வளவு என்று பேசி அடைத்துக் கொண்டு வர வேண்டும். இன்று வாங்குகிற சரக்கு கால் கிலோவானாலும் ரொக்கத்துக்கே வாங்க வேண்டும். இதைக் கடைக்காரரிடம் முகத்துக்கு நேரே சொல்லி விட்டால் அநேகமாய் ஒப்புக்கொள்வார். சொல்லாமல் ஒளிந்து எதிர்க்கடைக்குப் போகிறபோதுதான் விரோதம் வருகிறது.

அடுத்தபடியாக, பணம் உண்மையில் எதில் போகிறதென்று பார்ப்போம். 2022-23-ல் மத்திய அரசாங்கம் எடுத்த குடும்பச் செலவுக் கணக்கெடுப்பில், இந்தியக் கிராமங்களில் செலவாகும் 100 ரூபாயில் ஏறக்குறைய 46 ரூபாய் சாப்பாட்டு வகைக்குப் போவதாய்த் தெரிகிறது. அந்த 46-ல் அரிசி, கோதுமை முதலிய தானியங்களுக்குப் போவது 5 ரூபாய்க்குள் அடங்கி விடுகின்றது. டீ, காப்பி முதலிய பானங்கள், பலகாரம், கடையில் ஆயத்தமாய் விற்கும் தீனி ஆகியவைகளுக்குப் போவதோ 10 ரூபாய்க்குக் கிட்டத்தட்ட வருகின்றது. பட்டணத்தில் இது பத்தையும் தாண்டி விட்டது. அரிசிப் பானையில் கைவைக்கிறவர்கள் 5 ரூபாயில் மிச்சம் பிடிக்கப் பார்த்து, 10 ரூபாயைக் கண்டுகொள்ளாமல் விடுகிறார்கள்.

ஒரு ஆள் வெளியில் தினம் இரண்டு டீயும் ஒரு வடையும் சாப்பிடுகிறாரென்றும், அது 34 ரூபாய் ஆகிறதென்றும் வைத்துக் கொள்ளுவோம். மாதம் 1,020 ரூபாய். முட்டை ஒன்று 7 ரூபாய் என்றாலும் இந்தப் பணத்துக்கு 145 முட்டை வரும். நாலு பேருள்ள வீட்டில் தினம் ஆளுக்கொரு முட்டை வைத்தாலும் கூட 120-தான் செலவாகும். மூட்டை தூக்குகிறவன் டீ குடிக்கக் கூடாதென்று நாம் சொல்ல வரவில்லை; பத்திரிகை படிக்கிறதும் நாலு பேரோடு சமமாய் உட்காருகிறதும் நம் ஊர்களில் டீக்கடையில்தான் நடக்கின்றது. இரண்டை ஒன்றாக்கிக் கொண்டு, வடையை வீட்டில் வேகவைத்த சுண்டலாக மாற்றிக் கொள்ளலாமே என்றுதான் சொல்லுகிறோம்.

இனி ரேஷன் கடையைப் பற்றி. தமிழ்நாட்டில் 2011 ஜூன் முதல் அரிசிக் கார்டுதாரர்களுக்கு அரிசி விலையில்லாமல் கொடுக்கப்பட்டு வருகிறது. துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய்க்கும், பாமாயில் லிட்டர் 25 ரூபாய்க்கும் போடுகிறார்கள். வெளிக்கடை விலையைப் பக்கத்தில் எழுதிப் பார்த்தால் இந்தப் பருப்பிலும் எண்ணெயிலும் மட்டும் மாதம் எவ்வளவு மிஞ்சுகிறதென்று அவரவர்களுக்கே தெரியும். அப்படியிருந்தும் ரேஷன் அரிசியைத் தின்றால் கௌரவக் குறைவென்று சொல்லி, அதைத் தரகனுக்குச் சில்லறைக் காசுக்குக் கொடுத்து விட்டு, பொன்னி அரிசியை நோட்டில் எழுதி வாங்குகிற கடன்காரர்களைத் தெருவுக்கு நாலு பேர் பார்க்கலாம். அரிசியை விற்பது சட்டப்படி குற்றம் என்பது ஒருபுறமிருக்கட்டும். இந்த அரிசி யாரோ போடுகிற பிச்சையல்ல. தீப்பெட்டி முதல் சோப்பு வரை வாங்குகிற ஒவ்வொரு சாமானிலும் நாம் கட்டுகிற வரியிலிருந்து வருகிறது. வட்டிக்காரன் வாசலில் நின்று வைவதில் போகாத கௌரவம், ரேஷன் பை தூக்குவதில் போய்விடுமா? அரிசி சில சமயம் பழுப்பாயும் வாடையாயும் இருக்கிறதென்பது உண்மையே. அப்படி வந்தால் கேட்டு மாற்றச் சொல்ல வேண்டும். மாற்றாவிட்டால் எழுதிப் போட வேண்டும். சுமாராயிருக்கிற அரிசியை நாலு தண்ணீர் கழுவி ஊறவைத்தால் இட்லிக்கும் தோசைக்கும் புட்டுக்கும் யாதொரு குறையும் சொல்ல முடியாது.

வயிற்றைக் காயப்போடாமல் செலவைக் குறைக்க நம் சந்தையிலேயே பொருளிருக்கின்றது. நிலக்கடலையில் நூற்றுக்கு 25 பங்கு புரதம். கொள்ளிலும் பயறிலும் துவரையிலும் 20-க்கு மேல். மத்தி மீனும் நெத்திலிக் கருவாடும் பெரிய மீனுக்குச் சத்தில் இளைத்தவையல்ல. முருங்கைக்கீரை பல வீடுகளில் காசில்லாமலே கிடைக்கிறது. கீரை, பருப்பிலுள்ள இரும்புச்சத்து உடம்பில் சேர எலுமிச்சையோ நெல்லிக்காயோ கூட இருக்க வேண்டும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் அது சேருவது குறைந்து போகும். இரத்தசோகையுள்ள பெண்களுக்கு, டீயை ஒரு மணி நேரம் தள்ளிக் குடிப்பது காசு செலவில்லாத உபகாரம். காய்கறிக்கு, 1999-ல் மதுரையில் தொடங்கி மற்ற ஊர்களுக்கும் பரவின உழவர் சந்தை பக்கத்திலிருந்தால் அங்கே போகலாம். அன்றன்றைய விலையைப் பலகையில் எழுதிப் போடுகிறார்கள். வாங்காவிட்டாலும் அந்த விலையைப் பார்த்து வைத்துக்கொண்டால் தெருவில் வருகிற வண்டிக்காரரிடம் பேசச் சௌகரியமாயிருக்கும்.

பொட்டலச் சரக்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. அன்றாடம் கூலி வாங்குகிறவர்கள் அன்றாடம் ஐந்துக்கும் பத்துக்குமாக வாங்கி, மாதக் கடைசியில் மொத்தமாய் வாங்குகிறவனைவிட அதிகம் கொடுத்து விடுகிறார்கள். எல்லாவற்றையும் மாதத்துக்கு வாங்கு என்று அவர்களிடம் சொல்லுவது பரிகாசமாகும். எண்ணெயோ பருப்போ ஏதாவது ஒன்றை மட்டும் முதல் வாரம் கொஞ்சம் அதிகமாய் வாங்கி, அதில் மிஞ்சுகிறதை அடுத்த சாமானுக்கு மாற்றலாம். ஆனால் பெரியது எப்போதும் மலிவு என்று கண்ணை மூடிக்கொண்டு நம்புவதும் ஒரு மூடநம்பிக்கைதான். சில சரக்குகளில் ஒரு ரூபாய்ப் பை, பெரிய புட்டியைவிட மலிவாயிருப்பதுமுண்டு. ஒரு கிராம் அல்லது ஒரு மில்லி என்ன விலையென்று உறையிலேயே அச்சிட வேண்டுமென இப்போது சட்டமிருக்கிறது. எழுத்து சிறியதாயிருந்தாலும் அதைத் தேடிப் படிக்க வேண்டும்.

மிச்சம் பிடித்ததை எங்கே போடுவதென்பதிலும் தவறுகிறார்கள். எந்தக் கடனுக்கு வட்டி அதிகமோ அதன் அசலில் போட வேண்டும். பத்து வட்டிக் கடனில் 500 ரூபாய் அசல் குறைந்தால், மறுமாதம் முதல் 50 ரூபாய் வட்டி குறைகிறது. அசலைச் சிறுகச் சிறுக வாங்க மாட்டேன், வட்டிதான் வேண்டும் என்கிறவனிடம், 2003-ல் செய்யப்பட்ட அதிக வட்டித் தடைச் சட்டம் ஒன்றிருப்பதை ஞாபகப்படுத்தலாம். தனியாய்ப் போனால் மிரட்டுவான். நாலு பேராய்ப் போக வேண்டும்.

கடன் அடைந்த பிறகு வருகிற ஆபத்தையும் சொல்லியாக வேண்டும். கடன் தீர்ந்ததற்காகக் குலதெய்வத்துக்குக் கிடாய் வெட்டுகிறார்கள். அதற்கு நேர்த்திக்கடன் என்று பெயர். அந்த நேர்த்திக்கடனுக்காகக் கைக்கடன் வாங்குகிறார்கள். மூன்று வருஷம் பருப்பிலும் புளியிலும் பார்த்துப் பார்த்துச் சேர்த்ததை ஒரு மத்தியானத்தில் உறவினர்கள் சாப்பிட்டு விட்டு, உப்புக் கொஞ்சம் குறைச்சல் என்று சொல்லிக்கொண்டு போகிறார்கள்.

இவ்வளவுக்கும் வீட்டில் ஒரு நோட்டு வேண்டும். கடைக்காரருடைய நோட்டல்ல, வீட்டு நோட்டு. அதைப் புருஷனும் மனைவியும் சேர்ந்து எழுத வேண்டும். எழுதத் தெரியாவிட்டால் பள்ளிக்கூடத்துப் பிள்ளையைக் கொண்டு எழுதுவிக்கலாம். மனைவி வாங்கின கறிவேப்பிலையும் கொத்தமல்லியும் மட்டும் அதில் ஏறி, புருஷனுடைய பீடியும் டாஸ்மாக் கடைச் செலவும் ஏறாமல் போனால் அதைக் கணக்கென்று நாம் ஒப்புக்கொள்ள மாட்டோம். "என் சம்பாத்தியம், நான் எதற்குக் கணக்குச் சொல்ல வேண்டும்" என்று கேட்கிற தோழர்களை நாம் கேட்பதெல்லாம், வட்டிக்காரனுக்கு வாராவாரம் கணக்குச் சொல்லுகிறீர்களே, உங்களுக்காகத் தன் தோட்டையும் மூக்குத்தியையும் கழற்றிக் கொடுத்தவளுக்குச் சொல்ல மட்டும் ஏன் கூசுகிறது என்பதுதான். இரவு சோறு போடும்போது ஐந்து தட்டையும் ஒரே சமயத்தில் வைத்து, குழம்பிலுள்ள மீனையும் முட்டையையும் ஐந்திலும் பகிர்ந்து விட்டுப் பிறகு சாப்பிட உட்காரட்டும். சாப்பாடு முடிந்ததும் அன்றைய செலவை எழுதட்டும். நோட்டு பத்துப் பதினைந்து ரூபாய் ஆகும். அதையே முதல் வரியில் எழுதிக் கொள்ளலாம்.