ஒரே உடல், இரண்டு வாசலா?

"வாயில் புண் என்று போனால் வாயைப் பார்க்கட்டும், இரத்தத்தில் சர்க்கரையை ஏன் பார்க்கிறார்கள்?" என்று கேட்கிறார் தொழிலாளி. நியாயமான கேள்விதான். ஆனால், இதற்கு விடை தெரியாததால் போகும் உயிர்கள் உண்டு. அதனால்தான் இன்று இதை எழுதுகிறோம்.

2022ஆம் ஆண்டுக் கணக்கின்படி, இந்தியாவில் ஓராண்டில் உதடு, வாய்ப் புற்றுநோய் புதிதாகக் கண்டவர்கள் ஏறத்தாழ 1,43,000 பேர். மாண்டவர்கள் ஏறத்தாழ 80,000 பேர். பசியை அடக்கப் புகையிலை, களைப்பை மறக்கப் பாக்குப் பொட்டலம் என்று வாழ்ந்த உழைப்பாளிகள் இவர்களில் எத்தனை பேர்! இதே நாட்டில் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் என்று 2023இல் வெளியான ஆய்வு உரைத்தது. தமக்கு அது இருப்பதே அறியாதவர்கள் ஏராளம்.

இவை இரண்டும் வெவ்வேறு நோய்கள்தாம். ஆனால் அவை குடியிருக்கும் உடல் ஒன்றல்லவா?

புற்றுநோயை எதிர்க்க மருத்துவரிடம் மூன்று ஆயுதங்கள் உண்டு. முதலாவது கத்தி. சர்க்கரை கட்டுக்கடங்காமல் இருந்தால் அறுத்த புண் ஆறாது, சீழ் பிடிக்கும். இரண்டாவது, மக்கள் 'கரண்ட் வைப்பது' என்பார்களே, அந்தக் கதிர் சிகிச்சை. ஆறேழு வாரம் தொடர்ந்து தர வேண்டும். வாய்ப்புண்ணும் தொற்றும் முற்றி நடுவில் நின்றால், ஆதாயம் கட்டிக்கே! மூன்றாவது மருந்து. பெரிதும் பயன்படும் சிஸ்பிளாட்டின் சிறுநீரகத்தைத் தாக்கக் கூடியது. சர்க்கரை ஏற்கெனவே அரித்துவிட்ட சிறுநீரகம் அதைத் தாங்குமா? மருந்தின் அளவைக் குறைக்க வேண்டி வரும், அல்லது அடியோடு கைவிட வேண்டி வரும்.

சர்க்கரை ஒன்றே விதியை முடிவு செய்கிறது என்று நாம் கூறவில்லை. நோய் எந்தக் கட்டத்தில் பிடிபட்டது என்பதே முதற்கேள்வி. ஆயினும் தலை, கழுத்துப் புற்றுநோயாளிகளில் சர்க்கரை நோயும் உள்ளவர்கள் பிழைப்பது குறைவு என்றே பல ஆய்வுகளின் தொகுப்பு காட்டுகிறது. புற்றுநோயை வென்றவரையும் பிறகு மாரடைப்போ பக்கவாதமோ வீழ்த்தக்கூடும்.

இதைக் கேட்டுவிட்டு, "இனிப்புதான் புற்றை வளர்க்கிறது, சோற்றை நிறுத்து!" என்று நோயாளியைப் பட்டினி போடுகிறவர்களும் உண்டு. அது அறியாமை. தசை கரைந்து எடை இறங்கிய நோயாளியே முதலில் தோற்கிறார். முட்டை, பருப்பு, பால், கஞ்சி ஆகியவற்றை மருத்துவர் சொல்லும் அளவில் கொடுக்க வேண்டும். விழுங்க முடியாவிட்டால் குழாய் வழியே உணவு தருவார்கள். அதில் வெட்கம் என்ன?

தோழர்களே! வாய்ப்புண் இரண்டு வாரத்தில் ஆறவில்லையா? வெள்ளையாகவோ சிவப்பாகவோ படை தெரிகிறதா? மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். அன்றே சர்க்கரை, இரத்தக் கொதிப்பு, சிறுநீரகம், எடை நான்கையும் பார்க்கச் சொல்லுங்கள்.

அரசுக்கும் ஒரு சொல். 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' சர்க்கரைக்கும் கொதிப்புக்கும் மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டு சென்றது. பாராட்டினோம். புற்றுநோய்க்கு ஒரு வாசல், சர்க்கரைக்கு இன்னொரு வாசல் என்று நோயாளியை அலைய விடாதீர்கள் என்கிறோம். ஒவ்வொரு வாசலுக்கும் ஒரு நாள் கூலி போகிறது. கூலி போனால் அடுத்த முறை அவர் வருவதில்லை. வராதவரைக் காப்பாற்ற எந்தக் கருவியாலும் முடியாது!

ஒரே உடல், ஒரே நாள், ஒரே வாசல். இதுவே நம் கோரிக்கை.